‘தொண்டைக்குள் டி.வி.’: ஒரு திருத்தம்

1

இந்தக் கதைக்குக் காரணம், ஞாயிறு பத்திரிகையில் நான் எழுதிய ‘தொண்டைக்குள் டி.வி.’ என்ற பழைய கட்டுரை. பெரிய ஆஸ்பத்திரியில், மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்கான குழாயைப் போடுவதற்கு ஒரு கேமராக் கருவி வாங்கினார்கள். அதற்கு ரிப்பன் வெட்டி, நாலு பேர் மைக் பிடித்தார்கள். விடுவேனா? ‘இதுவரை தொண்டையைக் கண்ணால் பார்த்துக் குழாய் போட்டவர்கள், இனி சீரியல் பார்த்துக்கொண்டே போடுவார்கள்’ என்று எழுதினேன். ஊரே சிரித்தது.

அதிகம் சிரித்தவர் அத்தான். அக்கா எதையும் படிக்கமாட்டாள், கேட்பாள். அவள் சமையலறையில் இருக்க, ஞாயிறுதோறும் கூடத்திலிருந்து என் கட்டுரையை உரக்கப் படிப்பது அவர் வேலை.

2

மயக்க டாக்டர் கண்ணாடி முன் நின்று தன் கைகளைத் தானே மெச்சிக்

(இந்த வரியை அடித்துவிட்டேன். தலைக்கனம் பிடித்த டாக்டர் கிடைத்தால் பழியை அவர் தலையில் கட்டிவிட்டு நடையைக் கட்டலாம். அந்த அம்மா ஒத்துழைக்கவில்லை.)

அத்தானுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்ததும் அந்த டாக்டரம்மாவே என்னைத் தேடி வந்தார். தலையில் மாட்டிய தொப்பிகூட அப்படியே இருந்தது.

“அந்த டி.வி. கட்டுரை நீங்கதானே?”

“ஆமா டாக்டர்.”

“கேமரா வச்சிருக்கிற பீரோ கதவுல அதை ஒட்டியிருக்கோம். யாராவது கேமராவை எடுத்தா, ‘என்ன, சீரியல் டைமா’ன்னு கேப்பாங்க. நானும் கேட்டிருக்கேன்.”

நான் சிரிக்கத் தயாரானேன். அவர் தொடர்ந்தார்.

“உங்க அத்தானுக்கு வாய் சரியாத் திறக்கல. முதல்லயே கேமராவை எடுக்கத்தான் போனேன். கதவைப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். வெறும் கண்ணால ரெண்டு தடவை, கிடைக்கல. மூணாவது கேமரா. குழாய் உடனே உள்ள போயிடுச்சு. ஆனா குரல் வர்ற இடத்துல அடி பட்டிருச்சு. தப்பு என்னோடது சார். உங்க மேல போடல.”

போட்டிருக்கலாம்.

அக்காவிடம் மூன்று முயற்சிகளையும் மறைக்காமல் சொன்னார். பீரோ கதவைச் சொல்லவில்லை.

3

(கட்டுரைக்கு முன்பே விசாரித்திருக்க வேண்டியது: வெறும் கண்ணால் பார்த்தால், குனிந்திருப்பவர் ஒருவருக்குத்தான் தொண்டை தெரியும். மற்றவர்கள் அவர் வார்த்தையை நம்பி நிற்க வேண்டும். கேமரா என்றால் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். விசாரித்தால் ஜோக் கெட்டுவிடும் என்று விசாரிக்கவில்லை.)

4

முதல் முடிவு: அத்தானுக்குக் குரல் திரும்புகிறது. (எட்டு மாதம் ஆயிற்று. காற்றுதான் வருகிறது.)

இரண்டாம் முடிவு: அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொல்ல, அவள்

(ஆறு தடவை தொடங்கிவிட்டேன். ‘அவள்’ என்பதோடு நின்றுவிடுகிறது.)

5

இப்போது ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு என் பொறுப்பு. “அவர் படிச்சா சிரிப்பு வரும்டா. நீ படிச்சா மின்தடை அறிவிப்பு மாதிரி இருக்கு” என்கிறாள் அக்கா.

இது அச்சில் வரும் ஞாயிறும் சமையலறையிலிருந்து கேட்பாள்: “இந்த வாரம் யாரடா வம்புக்கு இழுத்திருக்க? படி.”

இரண்டாம் பகுதியை விட்டுவிட்டுப் படிக்க எனக்குத் தெரியும். ஒன்றுக்கு அடுத்து மூன்று என்று கூசாமல் தாவிவிடுவேன். அத்தான் என் தோளருகே உட்கார்ந்திருப்பார். பக்கம் முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரியும். சமையலறை வரை எட்டுகிற குரல்தான் கிடையாது.

படிப்பேனா, தாவுவேனா என்று இங்கேயே எழுதிவிடலாம். அதற்கும் நீங்கள் என் வார்த்தையை நம்பித்தான் நிற்க வேண்டும்.