இருளாயியின் மெஷின்

கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, முதல் கட்டத்தின் தலையில் 'தாராளவாதம்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. வகுப்பில் ஃபோன் எடுக்கிற வாத்தியார்களைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் வாய் கிழியப் பேசுகிறவன் நான்தான். ஆனாலும் எடுத்தேன். ரூத் வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அப்படி ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறாள், அது அவள் அப்பா இறந்த அன்றைக்கு.

“மெஷினைக் காணோம்ங்க.”

“எந்த மெஷினு?” எனக்கு வீட்டு வாஷிங் மெஷின்தான் ஞாபகத்துக்கு வந்தது.

“எல்லா மெஷினும். ஃப்ளோரே காலியாக் கிடக்கு. நீங்க கொஞ்சம் வாரீங்களா?”

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ரூத் சின்ன விஷயத்துக்கே கண் கலங்குகிறவள். தேனி ரோட்டில் இருக்கிற ஒரு ஏற்றுமதி சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பயிற்சிப் பொறுப்பாளர் வேலை. புதிதாக வருகிற பெண்களுக்குக் காலர் வைக்க, கை பொருத்த, காஜா எடுக்கச் சொல்லிக்கொடுப்பாள். மெயின்டனன்ஸ் என்று சொல்லி மூன்று நாள் லீவு விட்டிருந்தார்கள். லீவு முடிந்து கம்பெனி பஸ்களில் வந்து இறங்கிய பெண்கள், கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே தரை மட்டும்தான் இருந்திருக்கிறது. போல்ட் கழற்றிய ஓட்டைகளும், பெருக்காமல் விட்ட நூல் பிசிறும்.

“சார், மத்த ரெண்டு கட்டம்?” என்று முன் பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த மூன்று கட்டங்களை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் கல்லூரியில் அரசியல் பொருளாதாரம் நடத்துகிறேன். உலகமயமாக்கல் என்றால் என்னவென்று மூன்று கூட்டம் மூன்று விதமாகச் சொல்லும். அவனவன் தனக்குக் கைவந்ததைச் செய்து விற்று, மற்றதை வாங்கிக்கொண்டால் கடைசியில் எல்லாருக்கும் லாபம் என்பான் தாராளவாதி. அடப் போய்யா, வியாபாரம் என்பதே துப்பாக்கி இல்லாத சண்டை, எந்த நாட்டுக்குக் கை ஓங்குகிறதோ அது சொல்வதுதான் சட்டம் என்பான் தேசியவாதி. நாட்டையெல்லாம் விடுங்கள், முதலுக்குச் சொந்த ஊரே கிடையாது, கூலி எங்கே குறைவோ அங்கே கடை போடும், சக்கையானதும் காலி செய்யும் என்பான் மார்க்சியவாதி. இந்த மூன்றையும் விளக்க நான் எடுத்துக்கொள்கிற உதாரணம் ஒரு சட்டை. ரூத் கம்பெனியில் தைத்து, பட்டன் ஒன்று கோணலாகிப் போனதால் கழிவில் கிடைத்தது. அதை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தியே பிள்ளைகளை பாஸ் பண்ண வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு வரியை ஏற்றியபோதுகூட, பாடத்துக்குப் புது உதாரணம் மாட்டியது என்றுதான் எனக்குத் தோன்றியது.

கம்பெனி வாசலில் இருநூறு பெண்கள் இருக்கும். யூனிஃபார்ம் நீலக் கோட்டைக் கழற்றாமல் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இழவு வீட்டில்கூட ஒரு சத்தம் இருக்கும். இங்கே டிபன் பாக்ஸைத் திறக்கிற சத்தம்கூட இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாருக்கும் பசிக்கிற மாதிரித் தெரியவில்லை. ரூத் கூட்டத்தைவிட்டுத் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருளாயி.

இருளாயியை எனக்குத் தெரியும். எழுமலைக்காரி, காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று ரூத் வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். வாரம் ஒரு தடவை திட்டவும் செய்வாள். இருளாயிக்கு ஒரு பழக்கம். தைக்க உட்கார்ந்ததும் நெற்றியிலிருக்கிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மெஷின் தலையில் ஒட்டிவிடுவாள். வேர்வையில் பொட்டு நழுவித் துணியில் விழுந்தால் கறையாகிவிடுமாம். சாயங்காலம் எடுத்து மறுபடி நெற்றியில் வைத்துக்கொள்வாள். பாதி நாள் மறந்துபோய்ப் புதுப் பொட்டு வைப்பாள். அப்படி அவள் மெஷினில் அரக்குக் கலர் பொட்டு வரிசையாக ஒட்டிக் கிடக்கும். சுரண்டச் சொல்லி மெக்கானிக் கத்துவான். இவள் கேட்டுக்கொள்ள மாட்டாள்.

“எம் பொட்டக்கூட எடுக்கல சார்,” என்றாள் என்னைப் பார்த்ததும். “வெள்ளிக்கெழம ஒட்டுனது. அதோடவே தூக்கிட்டுப் போய்ட்டாய்ங்க.” அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. அவசரத்தில் பொட்டு வைக்காமல் பஸ் ஏறியிருப்பாள்.

அப்புறம்தான் மேனேஜர் கேட்டுக்கு அந்தப்புறம் நின்று மைக்கில் பேசினார். யாரும் பயப்படாதீங்க, சேர வேண்டியது எல்லாம் சேரும், உலகம் பூராவும் இப்படித்தான் நடக்குது, இந்த வேலை வெளிநாட்டுக்குப் போனா இதைவிட நல்ல வேலை நமக்கு வரும் என்றார். அவர் முடிக்கும் முன்பே யூனியன்காரர் பீமாராவ் வந்து சேர்ந்துவிட்டார். இந்தக் கம்பெனி இத்தனை வருஷமும் கேட்டுக்குள் விடாத மனிதர். “மொதலாளிக்கு ஊரேது தாயி? கூலி எங்க கொறச்சலோ அதுதான் அவனுக்குச் சொந்த ஊரு!” என்று தொண்டை கிழியக் கத்தினார். இருளாயியின் புருஷன் சிவனாண்டியும் சேதி கேட்டு வந்திருந்தான். “அவென் வரி போட்டா நம்மாளு ரெண்டு மடங்கு வரி போட வேண்டியதான? தூத்துக்குடியில கப்பல மறிங்கண்ணே, நாட்டுக்குள்ள இருக்குற பொருள எப்பிடி வெளிய விடுவாய்ங்க?” என்று யாரையோ பார்த்துக் கேட்டான்.

நான் பலகையில் எழுதாமல் விட்டுவந்த கட்டங்கள் எனக்கு முன்னால் வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மூன்று பேர் சொன்னதிலும் தப்பே இல்லை. என் பரீட்சையில் எழுதியிருந்தால் மூன்று பேருக்கும் முழு மார்க் போட்டிருப்பேன். மண்ணில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி முகத்திலும் எதுவும் ஏறவில்லை.

“எந்த ஊருக்குங்க போகுது?” என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“கென்யா. அமெரிக்காக்காரன் அங்க போட்ட வரி கம்மி,” என்றார் மேனேஜர்.

“அது முத்தோட ஊருல்ல?” என்றாள் இருளாயி.

முத்தோனி என்ற பெயர் இவர்கள் வாயில் முத்து ஆகியிருந்தது. ஜனவரியில் கென்யாவிலிருந்து ஆறு பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். நம்ம கம்பெனிக்கு அங்கேயும் ஒரு கிளை, வேலை பழகிக்கொண்டு போவார்கள் என்றுதான் ரூத்திடம் சொன்னார்கள். அவர்களில் முத்தோனிக்கு அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். ரூத் அவளை இருளாயி பக்கத்தில் உட்காரவைத்தாள். இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது. கையைப் பிடித்துப் பிடித்தே காலர் வளைவு முழுவதும் சொல்லிக்கொடுத்துவிட்டாள் இருளாயி. ஏழாம் மாதம் பிறந்ததும், “கையில வளையல் இல்லாம புள்ளத்தாச்சிய எப்பிடி மேடம் அனுப்புறது?” என்று அவள்தான் ஆரம்பித்தாள். கேன்டீனிலேயே வளைகாப்பு. எழுமலையிலிருந்து எலுமிச்சைச் சாதமும் புளிச்சாதமும் பஸ்ஸில் வந்தன. நானும் போய் ஒரு பிடி பிடித்தேன். முத்தோனியின் கை முழுக்கக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். பிறக்கப் போகிற பிள்ளைக்குக் கண்பட்டுவிடக் கூடாது என்று இருளாயி ஒரு சின்ன மைச்சிமிழ் கொடுத்து, கன்னத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று தொட்டுக் காட்டினாள். முத்தோனி இருளாயியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த ரூத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது வாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ரூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மேடம்,” என்றாள் இருளாயி. “நீங்கதான கூட்டியாந்து ஏம் பக்கத்துல ஒக்கார வச்சீக?”

அந்த இருநூறு பேரில் நாற்பது பேர் எழுமலையைச் சுற்றி இருக்கிறவர்கள். ரூத்தான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பஸ் ஏறிப்போய், வீடு வீடாக மாமியாரிடமும் புருஷனிடமும் பேசி, நான் பொறுப்பு என்று சொல்லி அழைத்துவந்தவள்.

காளவாசலில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் ரூத் மீதியைச் சொன்னாள். மேனேஜர் அவளை மட்டும் தனியே கூப்பிட்டிருக்கிறார். உங்களுக்கு வேலை போகவில்லை, ஆறு மாதம் அங்கே வந்து பயிற்சி கொடுங்கள், டிக்கெட் போடுகிறோம் என்றிருக்கிறார். யோசிக்க ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்.

நான் வாத்தியார் புத்தியில், முதலாளித்துவம் இப்படித்தான் என்று எதையோ ஆரம்பித்தேன். ரூத் சோற்றுத் தட்டை நகர்த்திவைத்தாள். “உங்க மூணு கட்டத்துல என்னை எதுல வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். லாபம் அடைகிறவளா, தோற்ற நாட்டுக்காரியா, சுரண்டப்பட்டவளா? இல்லை, நாற்பது பேரையும் கூட்டிக்கொடுத்தவளா? தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த மாதம் முழுக்க ரூத் எழுமலைப் பெண்களுக்கு ஃபோன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. எனக்கே ஒரு வாரத்துக்குப் பிறகுதான் அவளுடைய பயம் எதுவென்று பிடிபட்டது. வேலை போனால் வேறு வேலை. அவள் தெரிந்தே செய்தாள் என்று அவர்கள் நினைத்துவிட்டால் அதை எதைக்கொண்டு அழிப்பது? மாதக் கடைசியில் மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டார். “எதுன்னாலும் இருளாயிகிட்ட சொல்லிட்டுத்தான்,” என்றாள் ரூத். எழுமலைக்குக் கிளம்புகிற காலையில் முத்தோனியிடமிருந்து ரூத்தின் ஃபோனுக்குப் படங்கள் வந்தன. ரூத் முதல் படத்தை அரைப் பார்வை பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டாள்.

உசிலம்பட்டியில் பஸ் மாறி எழுமலை போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. இருளாயி வெங்காயக் காட்டில் களையெடுக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். அப்புறம் நாற்காலி எடுத்துப் போட்டாள், கடையிலிருந்து கலர் வாங்கிவந்து கொடுத்தாள். வந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதில் ஒன்றும் குறை வைக்கவில்லை. முகம் மட்டும் கொடுக்கவில்லை.

“எனக்குத் தெரியாது இருளாயி,” என்றாள் ரூத். “பைபிள் மேல சத்தியமா. ட்ரெயினிங்னுதான் சொன்னாங்க.”

இருளாயி கை மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“அங்க வரச் சொல்லிக் கேக்குறாங்க. ஆறு மாசம். ஒன்கிட்ட சொல்லாம முடிவு பண்ணக் கூடாதுன்னு வந்தேன்.”

“அப்பத் தெரியாது, சரி,” என்றாள் இருளாயி. “இப்பத் தெரியும்ல மேடம்?”

நான் கலர் பாட்டிலைக் கீழே வைத்தேன். என் பாடத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. ரூத் உட்கார்ந்தபடியே சுருங்கிப்போனாள். என்ன செய்வதென்று தெரியாமல்தான் அவள் பைக்குள் கையை விட்டாள் என்று நினைக்கிறேன். “முத்து போட்டோ அனுப்பியிருக்கு,” என்று ஃபோனை நீட்டினாள். முதலில் வாங்க மனமில்லாமல்தான் இருளாயி வாங்கினாள்.

படத்தில் முத்தோனி ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்த சந்தோஷம் முகமெல்லாம் தெரிந்தது. கையில் இரண்டு கண்ணாடி வளையல் மிச்சமிருந்தது. ரூத் மேடம் எப்போது வருகிறீர்கள் என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தாள்.

இருளாயி ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“இது ஏம் மிசினு.”

“எல்லா மெஷினும் ஒரே மாதிரிதான் இருக்கும் இருளாயி,” என்றேன். சமாதானம் சொல்கிறேனாம்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. படத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். மெஷின் தலையில் வரிசையாக அரக்குக் கலர் புள்ளிகள். கடைசிப் புள்ளி மற்றவை மாதிரி நிறம் மங்காமல் புதுசாக இருந்தது. ரூத் வாயைப் பொத்திக்கொண்டாள். கடலைத் தாண்டி, எத்தனையோ கை மாறிப் போயும் அது உதிரவில்லை. யாரும் சுரண்டவும் இல்லை.

இருளாயி கட்டைவிரல் நகத்தை அந்தப் பொட்டின் மேல் வைத்துச் சுரண்டினாள். படம் பெரிதாகி, கலங்கலாகி, மறுபடி சின்னதானது. அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மண் ஏறிய நகத்தால், நிஜப் பொட்டைப் பெயர்ப்பது மாதிரியே சுரண்டினாள். ரூத் தடுக்கவில்லை. எனக்கும் கை வரவில்லை. நகம் கொஞ்சம் வேகமாக இழுத்ததில் மெஷினும் முத்தோனியும் ஓரமாக நழுவிப்போய் அடுத்த படம் வந்து நின்றது.

ஒரு குழந்தை. நான்கைந்து மாதம் இருக்கும். வாயில் விரலைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தது. இடது கன்னத்தில், இருளாயி அன்றைக்குத் தொட்டுக் காட்டிய அதே இடத்தில், வட்டமாக ஒரு கருப்பு மைப்பொட்டு.

சுரண்டப்போன விரல் கன்னத்துக்கு மேலேயே நின்றது. சற்று நேரத்தில் ஃபோன் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. ரூத் கையை நீட்டுவதற்குள், அணைந்துவிடாமல் இருக்க இருளாயியே திரையின் ஓரத்தை மெதுவாகத் தொட்டாள்.