ஐந்து விரல் பதிந்த மாவு

ரொட்டிக்கடையில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தினம் முந்நூறு ரொட்டி சுட்டு இறக்குகிற மனுஷனுக்கு, ஐந்து வயது மகளோடு சேர்ந்து ஒரே ஒரு ரொட்டி சுட ஏழு மாதமாக நேரம் வாய்க்கவில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். கோர்ட்டு அவருக்குக் கொடுத்திருந்தது ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. மாவு பிசைந்து, பொங்கவிட்டு, உருட்டி, மறுபடியும் பொங்கவிட்டுச் சுட்டு எடுக்க மூன்று மணி நேரமாவது வேண்டும். நீதிபதிக்குச் சட்டம் தெரியும், மாவு பொங்குகிற கணக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு பொம்மைகளாக வாங்கிக் குவித்திருந்தார். மகள் பத்து நிமிஷம் அவற்றைப் புரட்டிவிட்டு, அம்மாகிட்ட போகணும் என்று வாசற்கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அடுத்த ஞாயிறு, வேறு வழி தெரியாமல் ஒரு கிண்ணம் நிறையப் பச்சைப் பட்டாணியை அவள் முன்னால் வைத்து உரிக்கச் சொன்னார். அன்றிலிருந்து சமையலறைதான் அவர்கள் இடம். முக்காலியில் ஏறி நின்று எலுமிச்சை பிழிந்தாள், அரிசி களைந்தாள், டம்ளரைக் கவிழ்த்து பிஸ்கட் வெட்டினாள். முட்டை உடைத்தால் ஓட்டில் பாதியும் உள்ளே விழும். பொறுக்கு என்றால், "அது கால்சியம்பா" என்பாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று அவளுக்குக் கடுகு என்றே பெயர் வைத்திருந்தார். ரொட்டி எப்போது என்று கடுகு வாராவாரம் கேட்பாள். அடுத்த வாரம் என்பார்.

இந்த ஞாயிறு அந்தப் பதிலுக்கு வழியில்லை. கடுகின் அம்மாவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, கோர்ட்டும் அனுமதி கொடுத்துவிட்டது. வியாழக்கிழமை விமானம். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துக்கொள்ளலாமாம். போனில் பட்டாணி உரிக்க முடியுமா? ஆனால் கடுகின் அம்மாவைக் குறை சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. விடிவதற்கு முன்னால் கடைக்குப் போய், வீட்டிலிருந்த நேரமெல்லாம் தூங்கித் தீர்த்த புருஷனோடு ஆறு வருஷம் பொறுத்தவள், பிழைக்கத் தன் வழியைத் தேடிக்கொண்டாள். மகள் தன் கையால் செய்த ரொட்டியைச் சுடச்சுட ஒரு வாய் தின்றுவிட்டுப் போக வேண்டும், அவருக்கு அது போதும். அப்புறம், இதுதான் கடைசி ஞாயிறு என்பதை மாவு பிசைகிற சாக்கில் தன் வாயாலேயே அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

அதற்காக எட்டு மணிக்கே மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டார். பத்து மணிக்குப் பொங்கியிருக்கும், அவள் வந்ததும் உருட்டிச் சுட்டுவிடலாம் என்று திட்டம். பத்து ஆயிற்று, பத்தரை ஆயிற்று. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து அவருக்குக் கால் தேய்ந்தது. பத்து நாற்பதுக்குக் கடுகைக் கூட்டிக்கொண்டு அவளுடைய மாமா வந்தான். வண்டி பஞ்சராம். ஒரு காலத்தில் வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்டவன், வழக்கு ஆரம்பித்த நாளிலிருந்து ஊரோடு சேர்ந்து மாஸ்டர் என்கிறான். பன்னிரண்டுக்குக் கிளம்பணும் மாஸ்டர் என்று சொல்லிவிட்டு முன்னறையில் போனோடு உட்கார்ந்தான்.

கடுகு முக்காலியில் ஏறி, துணியை விலக்கிப் பார்த்தாள். பாத்திரம் நிறைய மாவு பொங்கி நின்றது.

"இது யார் பண்ணது?"

"நான்தான்டா. உனக்காக."

"அப்ப இது உன்னோடது. நான் மொதல்ல இருந்து பண்ணணும்."

கெஞ்சினால் பத்து நிமிஷம் போகும், கடைசியில் ஜெயிப்பதும் அவள்தான். சரி என்று மாவு டப்பாவை இறக்கினார். ஈஸ்ட் கொஞ்சம் கூடுதல், வெதுவெதுப்பான தண்ணீர், ஓவனை மூட்டி அதன் பக்கத்திலேயே பாத்திரம், பெரிய ரொட்டிக்குப் பதில் சின்னச் சின்ன பன். அதிர்ஷ்டம் இருந்தால் முடித்துவிடலாம். மாவை விரட்டாதே என்று கடையில் எல்லோரையும் திட்டுகிறவர், இன்று தானே பிரம்பெடுத்து விரட்டினார்.

கடுகு இரண்டு கையையும் மாவுக்குள் விட்டாள். விரல்கள் ஒட்டிக்கொண்டதும் சிரிப்பு தாங்கவில்லை. இருபது வரை எண்ணி எண்ணிப் பிசைந்தாள், ஒவ்வொரு முறையும் பதினாலை விட்டுவிட்டு. மூக்கு நுனியில் மாவு. பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது அவருக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று தொண்டையைச் செருமினார்.

"கடுகு, வியாழக்கிழமை..."

"ஏரோப்ளேன்ல போறோம். ஜன்னல் சீட்டு எனக்குத்தான். ஞாயித்துக்கிழமை வந்து உனக்கு எல்லாம் சொல்றேன்."

அவளுடைய கணக்கில் எவ்வளவு தூரம் போனாலும் ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் வரும். அதைத் திருத்த அவருக்குத் தைரியம் இல்லை. கோழை என்று நீங்கள் சொன்னால் அவரும் மறுக்கமாட்டார்.

பதினொன்றேகாலுக்கு மாவை மூடினார்கள். இடையில் அவர் தன் மாவைப் பன்களாக உருட்டி ஓவனில் வைத்தார், கடுகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தன் துணியைத் தூக்கி, "இன்னும் தூங்குதுப்பா" என்றாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மாவு பாதிதான் எழும்பியிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டார். தணிந்த குரலில், கடைக்கு வேலை கேட்டு வந்தவர் மாதிரி கேட்டார். மாமன்காரன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அக்காவிடம் பேசிவிட்டு வந்தான்.

"சாமான் தூக்க ஆளுங்க வந்து நிக்கிறாங்களாம். அக்கா அழுவுறா. நான் என்ன பண்ணட்டும், மச்சான்?"

வழக்கு ஆரம்பித்ததற்கு அப்புறம் முதல் தடவையாக மச்சான் என்றான். எதிராளி முறைத்தால் சண்டை போடலாம், பாவம் பார்த்தால் என்ன செய்ய முடியும்? அவர் அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்.

ஓவனில் அவருடைய பன்கள் பொன்னிறமாக வெந்திருந்தன. நாலு எடுத்துத் தாளில் சுற்றி நீட்டினார். "அது உன்னோடது" என்று கடுகு தலையாட்டினாள், தொடவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே எட்டியது ஒன்று, கேட்டது வேறொன்று.

வெளியிலிருந்து மாமா கூப்பிட்டான். கடுகு முக்காலியை விட்டு இறங்குவதற்கு முன்னால், பாத்திரத்துக்குள் தன் வலது கையை விரித்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். ஐந்து விரலும் ஆழமாகப் பதிந்தன.

"இது என்னோடதுன்னு தெரியணும்ல. அடுத்த வாரம் நான் வந்துதான் சுடுவேன். அது வரைக்கும் நீ தொடக் கூடாது. சரியா?"

"சரிடா."

முழங்கையில் மாவு காய்ந்திருக்க, மாமாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிகளை எண்ணி எண்ணி இறங்கிப் போனாள். பதினாலாவது படியை அவள் விட்டுவிடுவாளோ என்று ஒரு நிமிஷம் பயந்தார். விடவில்லை. வண்டிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

சமையலறைக்கு வந்து பாத்திரத்தைப் பார்த்தார். அதற்குள் உள்ளங்கைக் குழி கொஞ்சம் மேலே வந்திருந்தது. ஈஸ்ட் கூடுதலாகப் போட்ட கை யாருடையது? சுட்டாலும் உப்பி, தடம் போய்விடும். அப்படியே விட்டாலும் போய்விடும். ஃப்ரிட்ஜில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்தார். குளிரில் மாவு நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். மாஸ்டருக்கு அது தெரியாதா? தெரிந்தும் வைத்தார்.

இரண்டு மணிக்குத் திறந்தபோது சுண்டுவிரல் போயிருந்தது. மூன்றரைக்கு நடுவிரலும் மோதிரவிரலும் ஒன்றாகிவிட்டன. ஐந்து மணிக்குக் கட்டைவிரல் மட்டும் லேசாகத் தெரிந்தது. அதன்மேல் தன் விரலை வைக்கப் போனவர், தொடக் கூடாது என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார், அப்புறம் திறக்கவில்லை.