ஆறாவது துணி

துணி ஐந்துதான் இருந்தது.

தோக்தார் குப்பை வாளியைக் கவிழ்த்துக் கொட்டி மறுபடி எண்ணினான். ஐந்து. காலையில் தன் கோடு போட்ட பழைய பனியனை ஆறாகக் கிழித்தவன் அவனேதான். இன்ஜினுக்குக் காற்றை ஊதும் பழைய டர்போக்களை வண்டியிலிருந்து கழற்றியதும் தூசி விழக்கூடாது என்று, திறந்து கிடந்த ஆறு குழாய் வாய்களிலும் ஒவ்வொன்றாக அடைத்தான். வேலை முடிந்தால் ஆறும் வெளியே வந்திருக்க வேண்டும்.

வண்டி மெதேதுடையது. இரட்டை டர்போ வைத்த வெள்ளை ஜப்பான் வண்டி. பழைய டர்போக்கள் நீலப் புகையாகக் கக்கின. தோக்தார் புதியவை மாட்டித் தந்ததும், மெதேத் எட்டரை லட்சம் தெங்கே பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தராஸ் நகரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினான். வழியில் கோர்தாய் கணவாய் இருக்கிறது. அங்கே லாரியை முந்தாமல் எவனும் ஏறியதில்லை.

பத்தொன்பது வருடம் இதே வேலை செய்கிறவன் எப்படி மறப்பான்? ரொட்டியைத் திட்டக்கூடாது, பாவம். ஆனால் வினை அதில்தான் வந்தது. மெதேத் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, வீட்டில் சுட்ட ரொட்டியோடு வந்து நின்றான். "வாங்கண்ணே, ஆறிடும். ஒரு வாய் வைங்க" என்றான். தோக்தாரின் கை இன்ஜினுக்குள் இருந்தது. விரித்து வைத்த ரொட்டியைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கசாக் எவனும் இன்னும் பிறக்கவில்லை. கை கழுவினான், தின்றான், தேநீர் குடித்தான், இரு கையும் ஏந்தி வாழ்த்துச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டான். திரும்பி வந்து, விட்ட இடம் என்று நினைத்த போல்ட்டிலிருந்து முடுக்கினான். அது விட்ட இடமே இல்லை.

"என்ன உஸ்தா, குப்பையில புதையல் தேடுற?" என்றான் யல்குன். அதே பட்டறைக் கொட்டகையில் வெல்டிங் பார்க்கிறவன், தோக்தாரை உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்றுதான் கூப்பிடுவான்.

"ஒரு துணி கொறையுதுடா. மெதேத் வண்டிக்குள்ள இருக்கு. காத்துக் குழாயில."

யல்குனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவனுக்கும் தெரியும். மெதுவாகப் போனால் துணி குழாயின் அடியில் சும்மா கிடக்கும். தோக்தார் தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தபோது அப்படித்தான் கிடந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்தால், புது டர்போ ஊதுகிற வேகத்தில் பறந்துபோய், இன்ஜினுக்குக் காற்று விடுகிற மடலில் சிக்கும். மடல் திறந்தபடி மாட்டிக்கொண்டால் காலை எடுத்தாலும் வேகம் குறையாது.

தோக்தார் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். அவசரத்தில் வேறு யாருக்கோ போய், வெட்டிவிட்டு மறுபடி போட்டான்.

"எடுத்தா என்னன்னு சொல்லுவே?" யல்குன் குரலைத் தாழ்த்தினான். "பனியனை உள்ள வச்சு மூடிட்டேன்னா? உயாத்! ஊரே சிரிக்கும், நாளைக்கு ஒரு வண்டி வாசலுக்கு வராது. ஆயில் பார்க்கணும்னு சொல்லி நிறுத்து, போதும்."

உயாத். மானக்கேடு. இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு கெட்டுப்போனார்கள் என்று கணக்கே கிடையாது. தோக்தாரும் பயந்தான்.

மெதேதின் மனைவி ஐனாஷ் போனை எடுத்தாள். "அண்ணே! வண்டி பறக்குது போங்க! இவர் முகத்தைப் பார்க்கணுமே!"

"தங்கச்சி, மெதேதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா. ஆயில்... ஆயில் ஒரு தடவை பார்க்கணும்."

பின்னால் மெதேதின் சிரிப்புக் கேட்டது. "தராஸ்ல பார்த்துக்கலாம்னு சொல்லு! கணவாய் வந்தாச்சு!"

"அப்பா, அந்த லாரி ஒரே புகை" என்று ஒரு பிள்ளை சிணுங்கியது.

"இரு, தாண்டிடறேன்."

தோக்தார் கொட்டகையே அதிரக் கத்தினான். "மிதிக்காதே! மெதேத், மிதிக்காதே! காத்துக் குழாயில துணியை விட்டுட்டேன்! என் தப்பு! மறந்துட்டேன்!"

அந்தப் பக்கம் டயர் சரளையில் அரைபடும் சத்தம் கேட்டது. பிறகு ஐனாஷ் அழுதாள். "நின்னுட்டோம்ணே" என்றாள்.

அவன் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வெள்ளை வண்டி கணவாயின் முதல் வளைவில் ஓரமாக நின்றது. பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். குழாயைக் கழற்றி விரலை விட்டான். துணி மடலின் வாயிலேயே இருந்தது. ஒரு நுனி ஏற்கெனவே இடுக்குக்குள் போயிருந்தது. இழுத்தபோது கிழிந்துதான் வந்தது.

மெதேத் கையை ஓங்கினான். அடி விழட்டும் என்று தோக்தார் கண்ணை மூடிக்கொண்டான். விழவில்லை.

"இது எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எண்ணிப் பார்த்தேன். ஆறா கிழிச்சிருந்தேன்."

"எப்பவும் எண்ணுவீங்களா?"

தோக்தார் இல்லையென்று தலையாட்டினான். எப்போதும் கந்தல் மூட்டையிலிருந்து கைக்கு வந்த துணியை உருவி அடைப்பான். இன்றைக்கு மூட்டை காலி. அதனால்தான் பனியன், அதனால்தான் எண்ணிக்கை. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் எண்ணியதில்லை.

"அப்ப மத்த வண்டிங்க?" என்றான் மெதேத்.

தோக்தார் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். போன வாரம் ஒரு கறுப்பு வண்டி. அதற்கு முன்னால் அந்தச் சின்னப் பையனுடையது, பந்தயம் ஓட்டுகிறவன். அதற்கும் முன்னால் யார்? போனை எடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, பந்தயக்காரப் பையனின் எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.