செல்லபாய் பிடித்த கயிறு

மரம் ஏறுகிறவரை ஊரே அண்ணாந்து பார்க்கும். கீழே நின்று கயிறு பிடிக்கிறவளை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கோபம்தான் உண்டு.

என் வீட்டுக்காரர் பெயர் சத்தியதாஸ். திருவனந்தபுரத்தில் ஓட்டு வீடுகளுக்கு மேலே சாய்ந்து நிற்கும் மரங்களை, ஓடு உடையாமல் கொம்பு கொம்பாக வெட்டி இறக்குவது எங்கள் வேலை. எங்கள் வேலை என்று சொன்னதைக் கவனியுங்கள். அவர் மேலே வெட்டுவார், நான் கீழே இறக்குவேன். மார்த்தாண்டத்திலிருந்து கரமனைக்குக் குடிவந்த நாளிலிருந்து இப்படித்தான் கஞ்சி குடிக்கிறோம்.

வெட்டப்போகும் கொம்பில் கயிற்றைக் கட்டி, அதற்கு மேலே உள்ள கவையில் போட்டு, மறுமுனையைக் கீழே விடுவார். நான் அதைப் பக்கத்துத் தென்னையின் அடிமூட்டில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். பாரத்தைத் தென்னை தாங்கும். நான் விட்டுக்கொடுக்கிற அளவுக்குத்தான் கயிறு நழுவும். மேலேயிருந்து கத்தினால் காற்றில் கேட்காது என்பதால், வெட்டுக்கத்தியின் முதுகால் மரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இறுக்கு. இரண்டு என்றால் விடு. அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வேண்டியிருந்ததில்லை.

எழுபத்தாறாம் வருடம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஸ்ரீவராகத்திலிருந்து வெங்கடேஸ்வரன் சாமி ஆள் அனுப்பினார். செக்ரட்டேரியட்டில் சூப்பிரண்டு. அவர் வீட்டுக் கொல்லையில் பெரிய அயனி மரம். மரம் நல்ல மரம்தான். அடுக்களைக் கூரைக்கு மேலே நீண்ட கொம்புகளில் பெரியது ஒன்று மட்டும் அடியில் உளுத்துப்போய் நின்றது. மழைக்காற்று ஒன்று போதும், அடுக்களை தரைமட்டம்.

நாங்கள் காலை ஏழு மணிக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே நாலு பேர் நின்றிருந்தார்கள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கிறவர்கள். நெஞ்சும் தோளும் பார்க்கவே பயமாக இருந்தது. அவர்களில் மூத்தவர் சொரிமுத்து, தென்காசிப் பக்கத்துக்காரர்.

சாமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"சத்தியதாஸே, இது என்ன கூத்து? பொம்மனாட்டி கயத்தைப் பிடிச்சுண்டு நிக்கறதாவது! ஓடு ஒடைஞ்சா ஆரு சமாதானம் சொல்றது? இவா நாலு பேரும் பிடிக்கட்டும்."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். 'அவள் பிடித்தால்தான் ஏறுவேன்' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய இடம், பேச நாக்கு எழவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"ஏறுங்க," என்றேன். "நான் ஓரமா இருக்கேன்."

அவர் ஏறினார். மனசு கேட்காமல் நான் சொரிமுத்துவிடம் போனேன். "அண்ணே, பின்னால நிக்குத தென்னையில மூணு சுத்து சுத்திப் பிடிங்க."

அவர் சிரித்தார். "யக்கா, நாலு ஆம்பிளை நிக்கோம். தென்னையையும் கூட்டுக்குக் கூப்பிடணுமாக்கும்?"

அசையாத மூட்டையைத் தூக்கிப் பழகியவர்கள். கீழே விழுந்துகொண்டிருக்கும் பாரம் எப்படி இழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. தட்டுக் கணக்கையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "நீ அங்க போய் நில்லம்மா," என்றார் சாமி. வாயை மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அது என் தப்புத்தான். ரோஷம் அப்படிச் செய்ய வைத்தது.

மேலே வெட்டு விழுந்துகொண்டிருந்தது. அடியில் பாதி, பிறகு மேல்பக்கம். மரத்தூள் என் தலையில் உதிர்ந்தது. கடைசியாக ஒரு தட்டு கேட்டது.

இறுக்கு என்று அர்த்தம். சொரிமுத்துவுக்கு அதுவும் வெட்டுகிற சத்தம்தான். கயிறு தொய்ந்து கிடக்க, நாலு பேரும் அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"இறுக்குங்க, இறுக்குங்க!" என்று கத்தினேன்.

அதற்குள் அவர் கடைசி வெட்டைப் போட்டுவிட்டார். பதினோரு வருடமாக அவர் தட்டினால் கயிறு இறுகியிருக்கிறது. பழக்கத்தில் கீழே பார்க்கவில்லை.

கொம்பு சரிந்தது. தொய்வு முழுவதும் ஓடி முடிந்ததும் கயிறு வெடுக்கென்று இழுத்தது. இரண்டு பேர் குப்புற விழுந்தார்கள். மற்ற இருவரும் குதிகால் மண்ணை உழ, முன்னால் இழுபட்டுப் போனார்கள். வெட்டுண்ட முனை ஆடிவந்து மரத்தில் மோதியது. என் வீட்டுக்காரர் கால் வைத்திருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே.

கயிற்றை விட்டால் அடுக்களை போய்விடும். விடாமல் இப்படி நழுவிக்கொண்டே இருந்தால், அடுத்த ஆட்டத்தில் அந்த முனை அவர் முழங்காலை நொறுக்கும். உடம்பை மரத்தோடு கட்டியிருக்கிற மனிதர் எங்கே விலகுவார்?

ஓடினேன். தரையில் கிடந்த கயிற்று வாலை எடுத்துத் தென்னை மூட்டில் வீசினேன். ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதைச் சுற்றி, கால் இரண்டையும் ஊன்றி, தொய்வைக் கடைசி விரற்கடை வரை இழுத்தேன்.

"இனி விடுங்க!"

சொரிமுத்து விடவில்லை. நல்ல மனிதர், விட்டால் குடி கெடும் என்று நினைத்திருப்பார்.

"விடுங்கண்ணு சொல்லுதேன்லா!"

விட்டார்கள். கொம்பு ஒரு முழம் இறங்கியது. தென்னை முனகியது. கயிறு என் உள்ளங்கையைச் சுட்டது. பிறகு நின்றது. இலைகள் மட்டும் ஓட்டைத் தொட்டுக்கொண்டு ஆடின.

மேலே முனை ஆடி ஓயும் வரை காத்திருந்தேன்.

அப்போது கேட்டது. டொக், டொக்.

விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி விட்டேன். கூரையைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, வாழைக்கும் துளசி மாடத்துக்கும் நடுவில் கொம்பு வந்து படுத்தது. ஓடு ஒன்றுகூட உடையவில்லை. அந்த நிமிடத்தில் திருவனந்தபுரத்திலேயே என்னைவிடப் பெரியவர் யாரும் இல்லை என்று தோன்றியது. தோன்றினால் என்ன, உண்மைதானே.

சொரிமுத்து உள்ளங்கை மண்ணைத் தட்டிக்கொண்டு தென்னையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "யக்கா, இதத்தான் சொன்னீயளா?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் போய்விட்டது.

சாமி தொண்டையைக் கனைத்தார். "செல்லபாய், மிச்சக் கொம்பை நீயே எறக்கிடேன்."

"ஓடு உடஞ்சா ஆரு சாமி சமாதானம் சொல்லுதது?"

அடுக்களை வாசலில் மோரோடு நின்றிருந்த அவர் சம்சாரம் பார்வதியம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முதல் தம்ளரை என் கையில்தான் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் இறங்கி வந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கயிறு இறுகுனப்பமே தெரிஞ்சிட்டு, நீதாண்ணு."

"காலையில வாயில என்ன கொழுக்கட்டையா இருந்து?"

அவர் திரும்பவும் மரத்தில் ஏறினார். மிச்சக் கொம்புகளை இறக்கி முடித்து, கரமனைக்கு நடந்து வந்தோம். அன்றைக்கு நானும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நாலாம் நாள் காலையில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மரம் வெட்டுற சத்தியதாஸ் வீடு இதுதானே? ஸ்ரீவராகத்துல சொன்னாங்க."

கத்தி தீட்டும் சத்தம் நின்றது.

"மரம் இறக்குதது செல்லபாயாக்கும்," என்றார் அவர், தெருவுக்கே கேட்கிற குரலில். "உள்ள இருக்கா, அவகிட்ட கேளுங்க. நான் அவளுக்குத் தொணையா மேல ஏறுத ஆளு."

எனக்கு நன்றாகக் கேட்டது. இருந்தாலும் அவர் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று, கேட்காததுபோல் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.