மூன்றாவது தண்டவாளம்

ஜார்லத் இறந்த அன்று மலாக்கிக்கு அழுகை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அயர்லாந்தின் மேற்கே, கிளேர்மோரிஸ் ஊரே வரிசையாக வந்து, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கையைக் குலுக்கி, வருத்தம் சொல்லிவிட்டு நகர்ந்தபோது அவரும் அந்த வரிசையில் நகர்ந்தார். ஜார்லத்தின் மனைவி அட்ராக்டாவின் கை குளிர்ந்திருந்தது. வெளியே மேசையில் வைத்திருந்த ஹாம் ரொட்டியில் இரண்டு எடுத்துத் தின்றார். ருசியாகத்தான் இருந்தது. அப்படி இருந்தது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவும் இல்லை.

மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஜார்லத் அட்ராக்டாவைக் கட்டிக்கொண்டார். மலாக்கி யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ரொட்டி வேன் ஓட்டினார், ஓய்வு பெற்றார். இடையில் இரண்டு ஆண்களும் சேர்ந்து மேசைமேல் ஓடும் ஒரு மாதிரி ரயில் செய்தார்கள்.

அந்த ரயில் நிற்கும் ஊருக்கு நாக்ரீவா என்று பெயர். அப்படி ஓர் ஊர் கிடையாது. மாயோ மாவட்டத்தில் மூடிப்போன கிளைப்பாதை ஒன்றில் இருந்திருக்கக்கூடிய ஊர், அவ்வளவுதான். ஒரு நடைமேடை, பாதைக்கு மேலே ஒரு பாலம், ஒரு சிக்னல் அறை, மாடு ஏற்றும் திட்டு, கல்சுவருக்குப் பின்னால் சேறு. பாதை முழுக்க மலாக்கி போட்டது. அதில் ஓடும் ஆரஞ்சும் கறுப்புமான டீசல் எஞ்சின்கள், மாட்டுப் பெட்டிகள், உருண்டை வயிற்றுச் சிமெண்டு வண்டிகள், கார்டு வண்டி எல்லாம் ஜார்லத் செய்தவை. மலாக்கியிடம் சொந்தமாக ஒரு சக்கரம்கூடக் கிடையாது. தேவைப்படவில்லை.

அயர்லாந்தின் ரயில் பாதை அகலமானது. கடையில் கிடைக்கும் மாதிரிப் பாதையோ வேறு நாட்டுக் கணக்கில் செய்தது, குறுகலானது. பதினாறரை மில்லிமீட்டர். அதன் மேல் அயர்லாந்து வண்டியை வைத்தால், மகனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த அப்பாவைப்போல நிற்கும். அநேகமாக எல்லாரும் அதைச் சகித்துக்கொண்டார்கள். ஊர் மாதிரி ரயில் க்ளப்பின் பெரிய மேசையில் இருப்பதும் அந்தக் குறுகல் பாதைதான். மலாக்கி சகிக்கவில்லை. சரியான அகலம் இருபத்தொன்று. குறுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டி, ஈயம் வைத்து, தண்டவாளத்தைத் தன் கையால் பதித்தார். அந்த அகலத்துக்கு ஜார்லத் அச்சில் சக்கரம் கோத்தார். அதனால் மலாக்கியின் பாதையில் வேறு எவருடைய வண்டியும் ஓடாது. ஜார்லத்தின் வண்டிகள் வேறு எவருடைய பாதையிலும் ஓடாது. இருவருக்கும் இதில் ஒரு கர்வம் இருந்தது. அதை அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பொதுவாகவே அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மலாக்கி வந்தபோது அட்ராக்டா தன் சமையலறையில் ஜார்லத்தின் வண்டிகள் இருந்த பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்.

"கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போ, மலாக்கி. வழக்கம்போல ஓட்டு. முடிஞ்சதும் க்ளப்புல குடுத்துடச் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"க்ளப்புக்கா?"

"ஆமா."

அட்ராக்டா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல இருந்தது. மலாக்கி காத்திருந்தார். அட்ராக்டா கெண்டியை அடுப்பில் வைக்கத் திரும்பிவிட்டார். க்ளப் பாதையில் இவை ஓடாதே, கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள் போலிருக்கிறது என்று மலாக்கி நினைத்துக்கொண்டார். பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே வைத்தார். திறக்கவில்லை. திறப்பது எப்போதும் ஜார்லத்தின் வேலை.

நவம்பரில் க்ளப்பின் ரயில் கண்காட்சி. வெள்ளிக்கிழமை பிற்பகல் சமூகக்கூடத்தில் பலகைகளைப் பூட்டி, கம்பிகளை இணைத்து, தண்டவாளத்தைத் துடைத்து முடித்தார். பிறகு முதல் பெட்டியைத் திறந்தார். டிஷ்யூ தாளுக்குள் ஆரஞ்சு எஞ்சின். புகைக்குழாயைச் சுற்றிய கரி, படிக்கட்டு ஓரத்துத் துரு, எல்லாம் ஜார்லத்தின் தூரிகை. அதை நடைமேடைக்கு முன்னால் பாதையில் வைத்தார்.

எஞ்சின் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே தொபுக்கென்று விழுந்தது.

சரியாக வைக்கவில்லை என்று நினைத்து எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில் ஏறினால் மறுபக்கம் கட்டையில் கிடந்தது. சட்டைப்பையிலிருந்து பித்தளைத் துண்டை எடுத்தார். பல வருஷத்துக்கு முன் ஜார்லத் அரத்தால் ராவிக் கொடுத்த அளவுத்துண்டு அது. இருபத்தொன்று. பாதையில் சரியாக உட்கார்ந்தது. எஞ்சினைக் கவிழ்த்துச் சக்கரங்களைப் பார்த்தார். புதுச் சக்கரங்கள். குறுகல் அளவு.

அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. சிமெண்டு வண்டிகள், மாட்டுப் பெட்டிகள், கார்டு வண்டி. எல்லாவற்றிலும் குறுகல் சக்கரம், ஒன்றுகூட மிச்சமில்லை.

அடுத்த மேசையில் க்ளப்பின் பாதையைப் பூட்டிக்கொண்டிருந்த கஹல் எட்டிப் பார்த்தார். வாய் சும்மா இராத மனிதர்.

"என்னய்யா, உன் ரயில் முட்டி போட்டு ஜெபம் பண்ணுது? பூசைக்கு நேரமாச்சோ?"

மலாக்கி எஞ்சினைக் கவிழ்த்தபடியே நீட்டினார். கஹலின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

"ஜார்லத் உன்கிட்ட சொல்லலியா?"

"உனக்குத் தெரியுமா?"

"சக்கரம் வாங்கிக் குடுத்ததே நான்தான். உன்கிட்ட அவனே சொல்லிக்கிறேன்னான். அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்க?" கஹல் தலையைச் சொறிந்தார். "பழைய அச்சு இருந்தா மறுபடி கோத்துடலாம்யா."

"இருக்கா?"

"எல்லாத்தையும் வெட்டித்தான் புதுச் சக்கரத்தைக் கோத்தான்."

மலாக்கி தலையாட்டினார். வண்டிகளைத் திரும்ப டிஷ்யூ தாளில் சுற்றினார். தான் போட்ட பாதையில் இனி எந்த வண்டியும் ஓடப்போவதில்லை என்பது தெளிவாகப் புரிந்தது. மழை வரும் என்று வானொலியில் கேட்பதுபோலப் புரிந்தது. பலகைகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். கழற்றுவதற்குக் கை எழவில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை கதவு திறந்ததும் கூட்டம் வந்தது. ஈரக் கோட்டுகளின் வாடை. எல்லா மேசையிலும் வண்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாக்ரீவாவில் மட்டும் ஒன்றுமில்லை. மலாக்கி பலகைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வண்டி எத்தனை மணிக்குங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை."

"அப்ப பஸ் விடுவாங்களா?" பக்கத்தில் இருந்த மனைவி அவரை இடித்தார். "சும்மா இருங்க. ஸ்லைகோ ஊருக்குப் போற நிஜப் பாதையிலயே வண்டி நின்னு முள்ளு மண்டி எத்தனை காலமாச்சு. இந்தக் கூடத்துலயே நிஜம் மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான்."

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். மலாக்கிக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண் சொன்னது சரி என்றுதான் பட்டது.

மதியம் அட்ராக்டா வந்தார். குடையை மடக்கினார், காலிப் பாதையைப் பார்த்தார், பிறகு மலாக்கியைப் பார்த்தார்.

"பெட்டியை இங்க வந்துதான் திறந்தியா?"

"ஆமா."

"ஒரு மாசம் வீட்டுல வச்சிருந்தியே, பாவி."

அட்ராக்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோடை முழுக்க அந்த வேலையாத்தான் இருந்தான். விரல் நிக்காது. ஒரு அச்சுக்கு ஒரு சாயங்காலம் போயிடும். ஏண்டா உன்னை வதைச்சுக்கறேன்னு கேட்டேன். நானும் மலாக்கியும் போனப்புறம் உலகத்துல இதுக்குப் பாதையே கிடையாது, க்ளப்புலயாவது ஓடட்டும்னான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப?"

மலாக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் பயந்தான்" என்றார் அட்ராக்டா. "நீ திட்டுவேன்னு இல்ல. ஒண்ணுமே சொல்லாம கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்னு. கடைசி நாள்ல அதைப் பாக்க வேணாம்னான். எனக்கும் சொல்ல வரல. பெட்டியைக் குடுத்த அன்னிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு."

பக்கத்து மேசையில் கஹலின் சரக்கு ரயில் ஒன்று சுற்றி வந்தது, இன்னொரு சுற்றும் வந்தது. அட்ராக்டா பையிலிருந்து உலர்பழ ரொட்டியை எடுத்துத் துண்டு போட்டார். மலாக்கி தன் துண்டைத் தின்று முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, பலகைக்குக் கீழே இருந்த பழுது பார்க்கும் பெட்டியை இழுத்தார். அதில் எப்போதும் இரண்டு நீளத் தண்டவாளங்கள் உபரியாகக் கிடக்கும்.

பற்றவைக்கும் கோலைச் சூடேற்றினார்.

இருக்கிற இரண்டு தண்டவாளங்களுக்குள் இன்னொன்றைப் பதித்தால் குறுகல் வண்டி ஓடும். அதை நடைமேடைக்கு எதிர்ப்புறமாகப் பதித்தால் வண்டி நடைமேடைப் பக்கம் நகர்ந்து அதில் உரசும். நடைமேடைப் பக்கம்தான் பதிக்க வேண்டும். அப்போது வண்டி நடைமேடையை விட்டு விலகி நிற்கும். வேறு வழியில்லை. கஹலிடம் போய் நின்றார்.

"பதினாறரைக்கு அளவுத்துண்டு இருக்கா?"

கஹல் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்த அளவை மலாக்கி வாயால் சொல்லி அவர் கேட்டதே இல்லை. துண்டை எடுத்துக் கொடுத்தார்.

மலாக்கி ஒவ்வொரு கட்டையாக ஈயம் வைத்துக்கொண்டு போனார். மெல்லிய புகை எழுந்தது. செய்முறை விளக்கம் என்று நினைத்து ஒரு சிறு கூட்டம் கூடியது. "இது என்னங்க, மூணு தண்டவாளம்?" என்று யாரோ கேட்டதற்கு அட்ராக்டாவே, "அது அப்படித்தான், விடுங்க" என்றார். கோல் ஒரு முறை விரலில் பட்டது. அட்ராக்டாதான் அதைப் பார்த்துப் பதறினார். மலாக்கி விரலைத் திருப்பிப் பார்த்தார். தோல் வெளுத்திருந்தது. யாருடைய விரலோ போலிருந்தது. அடுத்த கட்டைக்குப் போனார்.

பாலத்தடியிலிருந்து நடைமேடையின் மறுமுனை வரை, ஒரு நேர்க்கோடு மட்டும். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை.

கூடத்தில் கூட்டம் கரைந்துகொண்டிருந்தபோது எஞ்சினை வைத்தார். விழவில்லை. பின்னால் மூன்று மாட்டுப் பெட்டிகளையும் கார்டு வண்டியையும் கோத்தார். பாலத்தடிவரை பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார். பிறகு வேகக் கைப்பிடியை மெல்லத் திருகினார். ஜார்லத்தின் எஞ்சின் வழக்கமான உறுமலோடு கிளம்பி, வழக்கமான வேகத்தில் நாக்ரீவாவுக்குள் வந்து நின்றது.

நடைமேடையில் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு மனிதன் நின்றான். நகத்தளவு உயரம். அவனையும் ஜார்லத்தான் செய்தார். அவனுக்கும் வண்டிக்கும் நடுவே முன்பு கோடுபோல இருந்த இடைவெளி இப்போது பள்ளமாகத் தெரிந்தது.

"ஓடுதே" என்றார் அட்ராக்டா.

"தள்ளி நிக்குது."

"நிக்கட்டும்."

கஹல் தன் மேசையின் மின்சாரத்தை அணைத்துவிட்டு வந்து, பெட்டிகளை க்ளப்புக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கும் தோரணையில் நின்றார். ஆனால் கேட்கவில்லை. மலாக்கி வண்டியைப் பாலத்தடிக்குப் பின்னுக்குத் தள்ளினார். சற்று நேரம் அங்கேயே நிறுத்தி வைத்தார். பிறகு மறுபடி கொண்டுவந்தார்.