பதினேழு மரை

எதிர்க்கரைக்கு மெஷின் வந்து முப்பது வருஷம் கழித்துத்தான் எங்கள் கரைக்கு வந்தது. நடுவில் ஓர் ஆறு, படகில் கால் மணி நேரம், அவ்வளவுதான் தூரம். அவர்கள் ஏன் முதலில், நாங்கள் ஏன் கடைசியில் என்பதற்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அங்கே கரிச்சுரங்கம் இருக்கிறது, மெஷினுக்குத் தீனி வாசலிலேயே கிடைக்கிறது என்பார் அப்பா. அவருடைய அக்கா, என் அத்தை, ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"அங்க வேலைக்கு ஆள் கிடைக்காது. கேக்குற கூலியைக் கேட்டா தலை சுத்தும். அதான் இரும்புகிட்ட போய்க் கெஞ்சுறாங்க. இங்கதான் வீட்டுக்கு நாலு பொண்ணு இருக்கோமே, கரியைவிட நாங்க மலிவுடா தம்பி."

இரண்டுமே உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியை நான் ஒரே சாயங்காலத்தில் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பட்டறையில் சிப்பியில் சட்டைப் பொத்தான் செய்தோம். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் கையாலேயே நாலு துளை போடுவார்கள். வரிசையின் தலையில் அத்தை. மூலையில், எதிர்க்கரையில் ஏலத்தில் எடுத்த பழைய துளை மெஷின். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். மூன்று தடவையும் மத்தியானத்துக்குள் படுத்துக்கொண்டது. பிறகு அதன்மேல் துணி காயப்போட்டோம்.

நாலாவது தடவை அதைப் பழுது பார்க்க ஒரு ஃபிட்டர் எதிர்க்கரையிலிருந்து வந்தார். பத்து நாள் வேலை என்று வந்தவர் இரண்டு மாதம் இருந்தார். மெஷினில் அத்தனை பழுது கிடையாது, அவர் தங்கியது என்னால்தான் என்பது அத்தைக்கு முதலில் தெரிந்தது, அப்பாவுக்குக் கடைசியில். தெரிந்ததும் அப்பா கத்தவில்லை. மெஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்குக் காலையில ஓட்டு. சாயங்கால மணி அடிக்கிறப்போ அது ஓடிக்கிட்டிருந்தா பொண்ணு உனக்கு. நின்னிருந்தா மெஷின் பழைய இரும்புக்கு, நீ படகுக்கு."

மறுநாள் மெஷின் ஓடியது. சாதாரண ஓட்டமா அது! கூடை கூடையாகப் பொத்தான் கொட்டியது. நான் தரம் பிரிக்க உட்கார்ந்தவள், கண் பொத்தானிலும் காது மெஷினிலுமாக இருந்தேன். மூன்று மணிக்கு டங்கென்று ஒரு சத்தம். சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட் இரண்டாக முறிந்து, சக்கரத்தைச் சுற்றும் தோல்பட்டை கழன்று தரையில் விழுந்தது.

அவர் பதறவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு போல்ட்தானே, பத்து நிமிஷம். பக்கத்துல எங்க கிடைக்கும்?" என்றார்.

பன்னிரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"கைவசம் வேற போல்ட் இல்லையா?" என்றேன்.

"எங்க பக்கம் யாரும் எடுத்து வச்சுக்க மாட்டாங்க. எந்தக் கடையில எடுத்தாலும் சேரும்."

பாவம், அவருக்குத் தெரியாது. போல்ட்டின் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஏறும் வரிக்கு மரை என்று பெயர். எங்கள் கரையில் பதினேழு பட்டறை, பதினேழு மரை. ஒருவர் மரை இன்னொருவருக்குச் சேரக்கூடாது என்றே வெட்டுவார்கள். மரை வெட்டும் கருவியை நகையைப்போல அலமாரியில் பூட்டி வைப்பார்கள். போல்ட்டைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், கருவி வாசல்படி தாண்டாது.

அவர் தெரு முழுக்க ஓடினார். நாலு மணிக்கு, எங்கள் பட்டறையினுடையதையும் சேர்த்துப் பதினாறு போல்ட் மேஜைமேல் கிடந்தது. ஒன்றுகூட சட்டத்திலிருந்த ஓட்டைக்குள் இரண்டு சுற்றுக்குமேல் போகவில்லை.

"எதிர்க்கரைக்காரருக்கு மரை கழண்டுருச்சுடி!" என்றாள் வரிசையில் ஒருத்தி.

போகாத பட்டறை ஒன்றே ஒன்று. அது என் பெரியப்பாவுடையது. தாத்தா வைத்துவிட்டுப் போன கருவி யாருக்கு என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை. நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

"உங்கப்பன் அனுப்பினானா?" என்றார் பெரியப்பா.

"இல்ல. நானா வந்தேன். போல்ட் வேண்டாம் பெரியப்பா, கருவி வேணும். நீங்களும் வேணும்."

"பையன் எப்படி?"

"எல்லாம் தெரியும். போல்ட் எடுத்துட்டு வரத்தான் தெரியல."

"அப்போ நம்ம வீட்டுக்கு ஏத்த ஆளுதான்," என்று அலமாரிச் சாவியை எடுத்தார்.

பட்டறை வாசலில் அப்பா மறித்துக்கொண்டு நின்றார். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதிலும் புது போல்ட்டிலும் பெரியப்பாவின் மரையை வெட்ட வேண்டும், எங்கள் கருவி மழுங்கிக் கிடக்கிறது, மற்றவர்களுடையது வாசல்படி தாண்டாது, வேறு வழியில்லை என்று ஃபிட்டர் விளக்கினார்.

"என் மெஷின்ல இவன் மரையா? அது இரும்புக்கே போகட்டும்."

அத்தை எழுந்தாள். நாற்பது வருஷமாக மணி அடிக்காமல் வேலையை விட்டு எழாதவள்.

"டேய், ரெண்டு பேரும் கேளுங்க. உங்க ரெண்டு வீட்டுக்கும் சேதி சுமந்தே என் கால் தேஞ்சு போச்சு. துளை போட்டுப் போட்டுக் கண்ணும் பாதி போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் போனா ஊசியில நூல் கோக்கக்கூட ஆகாது. அது துளை போடட்டும், நாங்க அட்டையில தைக்கிறோம், தரம் பிரிக்கிறோம், வேலைக்கா பஞ்சம்? நகருடா."

அப்பா நகர்ந்தார். அக்கா சொன்னால் நகரும் வயதுதான் அவருக்கு எப்போதும்.

பெரியப்பா வெட்ட ஆரம்பித்தார். இரும்புக் கம்பி ஆடியது. யாராவது இறுக்கிப் பிடித்தால்தான் ஆகும். ஃபிட்டரின் இரண்டு கையும் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பா வந்து குறட்டால் பிடித்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கருவி கிறீச்சிட்டது.

"எண்ணெய் விடுடா," என்றார் பெரியப்பா.

பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு அதுதான். அப்பா எண்ணெய் விட்டார், தேவைக்கு மூன்று மடங்கு.

ஆறு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் பட்டை ஏறியது. சக்கரம் ஒரு தடவை முனகி, அப்புறம் சுற்றியது. மணி அடித்தபோது மெஷினின் சத்தத்தில் மணிச்சத்தமே கேட்கவில்லை. பெண்கள் பொத்தானை அள்ளி எங்கள் இரண்டு பேர் தலையிலும் போட்டார்கள். இரண்டு நாள் கழித்தும் என் சடையிலிருந்து பொத்தான் உதிர்ந்தது.

அப்பா மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மணி சரியாத்தான் அடிச்சுதா?"

"சந்தேகமா இருந்தா நாளைக்கும் ஓட்டிக் காட்டுறேன் மாமா," என்றார் ஃபிட்டர். முதல் தடவையாக மாமா என்றார்.

அடுத்த வருஷமே மற்ற பதினாறு பட்டறைகளும் பெரியப்பாவின் மரைக்கு மாறின. மெஷின்களும் ஒவ்வொன்றாகப் படகேறி வந்தன. பெரியப்பாவின் கருவி எங்கள் வாசல் பக்கத்து ஆணியில் தொங்கியது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போவார்கள். அண்ணன் தம்பி தினமும் சண்டை போட்டார்கள், இந்தத் தடவை வாய்விட்டு.

என் கணவர் அதற்கப்புறம் நாற்பத்து மூன்று வருஷம் வாழ்ந்தார். போல்ட் இல்லாமல் வெளியே கிளம்பியதே இல்லை. தெருவெல்லாம் போல்ட் கிடைக்கிறதே, இன்னும் எதற்கு இந்தக் கனம் என்று நான் கேட்காத நாளில்லை. "பொண்ணு கிடைச்சது சும்மாவா?" என்பார்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய சட்டையை மடித்துக் கொடுத்தார்கள். பையில் கனமாக ஒன்று இருந்தது. மறுநாள் காலை பட்டறைக்குப் போய்ப் கழற்றிப்போட்டிருந்த பழைய மெஷினின் சட்டத்தில் அதைச் செருகித் திருகிப் பார்த்தேன். கடைசிச் சுற்றுவரை வழுக்கிக்கொண்டு போனது.