பக்கத்து இருக்கை

ஜாஃபரின் பிக்கப்புக்கு ஜூன் முப்பதோடு கெடு முடிந்தது. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் இன்றும் முதல் தடவையிலேயே கிளம்பும். ஆனால் சிங்கப்பூரில் சிஓஇ என்ற உரிமம் இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது. பத்தாம் வருடம் அதை ஐந்து வருடத்துக்கு மட்டும் நீட்டித்திருந்தார். அப்படி நீட்டித்த வண்டிக்கு மறுபடி உரிமம் கிடையாது. உடைக்கத்தான் கொடுக்க வேண்டும்.

விடியற்காலையில் கிராஞ்சிப் பண்ணைகளில் கறிவேப்பிலையும் கீரையும் ஏற்றி, தேக்கா சந்தையில் ஆறு கடைகளுக்கும் இரண்டு உணவகங்களுக்கும் போடுவது அவர் தொழில். வண்டி இல்லாமல் அது நடக்காது. மனைவி ஃபஸீலாவையும் அழைத்துக்கொண்டு வண்டி விற்கும் இடத்துக்குப் போனார். தாரணி என்ற பெண் விலைத்தாளை நீட்டினாள். ஜாஃபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளி.

“வண்டியோட விலை இதுல பாதிகூட இல்ல அங்கிள். மிச்சம் எல்லாம் சிஓஇ. அடுத்த சிஓஇ ஏலத்துல குறையலாம், ஏறவும் செய்யலாம். என்னால ப்ராமிஸ் பண்ண முடியாது.”

“லோன் போட்டா?” என்று ஃபஸீலா கேட்டாள்.

“போடலாம் ஆன்ட்டி. அங்கிளுக்கு வயசு என்ன?”

“அம்பத்தெட்டு,” என்றார் ஜாஃபர். அந்தப் பெண் கால்குலேட்டரை எடுப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். “பாப்போம்மா.”

திரும்பும் வழியில் ஃபஸீலா மெதுவாகச் சொன்னாள்: “சுரேந்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.”

“அந்த ஆளு பேரை எடுக்காத.”

சுரேந்தரும் கிராஞ்சியிலிருந்து தேக்காவுக்குச் சரக்கு போடுபவர்தான். வாழையிலை, துளசி, மாவிலை. ஆறு வருடத்துக்கு முன்பு ரேஸ் கோர்ஸ் ரோட்டு உணவகம் ஒன்றின் வாழையிலை ஆர்டர் ஜாஃபரிடம் இருந்தது. கட்டுக்கு இருபது காசு குறைத்து சுரேந்தர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. தினமும் பக்கத்துப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சரக்கு இறக்குவார்கள்.

பிக்கப்பை உடைக்கக் கொடுத்த பிறகு ஜாஃபர் ஆளோடு வாடகை வேன் வைத்து ஒரு வாரம் சமாளித்துப் பார்த்தார். மார்சிலிங்கில் இருக்கும் வீட்டிலிருந்து பண்ணைக்கு நாலரை மணிக்கு பஸ் கிடையாது, டாக்சிதான் பிடிக்க வேண்டும். வேன்காரன் பண்ணை வாசலில் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க மாட்டான். மூன்றாம் நாள் வேன் வரவே ஒன்பது மணியானது. துவண்டுபோன கீரையைக் கடைக்காரி மைமூன் திருப்பி அனுப்பிவிட்டாள். “தப்பா நெனைக்காதீங்க பாய், நான் எப்படி விக்கிறது லா?” என்றாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. களைப்புதான் தெரிந்தது, முழங்காலிலிருந்து தோள்வரை.

சனிக்கிழமை சரக்கு இறக்கும் இடத்தில் சுரேந்தரின் லாரி நின்றது. இலைக்கட்டைப் பாதி தூக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே நின்றுவிட்டார். ஜாஃபர் போய்க் கட்டை வாங்கித் தரையில் வைத்தார்.

“டிஸ்க் விலகிப் போச்சு. தூக்கக் கூடாதுங்கிறாரு டாக்டர்,” என்றார் சுரேந்தர். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

“ஆள் வச்சுக்கலாமே.”

“ஆளுக்குக் குடுத்தா எனக்கு என்ன மிஞ்சும்? போன வருசம்தான் இந்த வண்டிக்கு சிஓஇ கட்டுனேன். அதுலயே எல்லாம் போச்சு.”

ஜாஃபர் இன்னும் மூன்று கட்டுகளை இறக்கினார். கேட்கப் போவதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டுவிட்டார்.

“பின்னால பாதி இடம் காலியாத்தானே வருது. என் கீரையையும் ஏத்திக்கலாமா? டீசல்ல பாதி தர்றேன். ரெண்டு பேர் சரக்கையும் நானே இறக்குறேன்.”

சுரேந்தர் லாரியின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த ரெஸ்டாரண்ட் ஆர்டரைத் திருப்பிக் கேப்பீங்களா பாய்?”

“கேக்க மாட்டேன்.”

“அந்த ரெஸ்டாரண்ட்காரன் போன மாசமே வேற ஆளுக்குக் குடுத்துட்டான்,” என்றார் சுரேந்தர். “திங்கக்கிழமை நாலே முக்காலுக்கு உங்க புளாக் கீழ நில்லுங்க. லேட்டாக்காதீங்க.”

திங்கட்கிழமை ஜாஃபர் நாலரைக்கே கீழே வந்து நின்றார். பண்ணையில் கீரை ஒரு பக்கம், இலை ஒரு பக்கம் அடுக்கினார்கள். ஜாஃபர் இந்த வழியைப் பதினைந்து வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பார்த்தவர். பக்கத்து இருக்கையில் கையை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. சிக்னல் வரும்போதெல்லாம் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. சொந்த வண்டி இனி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புக்கிட் தீமா தாண்டுவதற்குள் தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது லாரி தேக்காவில் நின்றிருந்தது. சுரேந்தர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி பேப்பர் கப்பில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“எப்போ வந்தோம்?”

“கால் மணி நேரம் ஆச்சு.”

“எழுப்பியிருக்கலாமே.”

“எழுப்பலாம்னுதான் பாத்தேன்,” என்றார் சுரேந்தர். “கீரைய மொதல்ல இறக்குங்க பாய். இலை வாடாது.”

ஜாஃபர் கதவைத் திறந்து இறங்கினார்.